விரல் பதிந்த மண்

“போன ஈ கோவத்துலதான் போச்சுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?”

சுவேமி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது இருக்கும். புளிப்பு ஆரஞ்சு மரத்தடியில், ஓலைக் கூரைக்குக் கீழே கிடந்த தேன்கட்டைக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளே குடைந்த அந்த மரக்கட்டையின் நடுவில் ஒரு சிறு துளை. துளைக்கு மேலே ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. துளையில் எப்போதும் ஒரே ஒரு தேனீ தலையை மட்டும் நீட்டிக்கொண்டு காவல் இருக்கும். பூவிலிருந்து ஒருத்தி திரும்பி வந்தால் காவல்காரி பின்வாங்கி வழி விடுவாள். வந்தவள் உள்ளே போனதும் மறுபடி தலை நீட்டுவாள். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாலும் பயமில்லை. அந்த ஈக்களுக்குக் கொடுக்கு கிடையாது. ஊரில் அவற்றை அம்மணி என்றுதான் சொல்வார்கள்.

அதற்குச் சற்று முன்னால்தான் சுவேமி வேறொன்று கேட்டிருந்தாள். கொடுக்கு இல்லாத ஈக்குக் கோபம் வந்தால் அது என்ன செய்யும் என்று. அம்மா நிடெல்வியா துணியைப் பிழிந்துகொண்டே, ஊரில் எல்லாரும் சொல்வதைச் சொன்னாள்.

“வீட்டுல சண்டை சச்சரவுன்னா அம்மணிகளுக்கு ஆகாது. பாவம், கொட்டவும் தெரியாது. அதனால வீட்டை விட்டே போயிடும். கட்டை காலியாக் கெடந்தா அந்த வீட்டுல ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்.”

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

“ஊரே சொல்லுதுடி” என்றாள் நிடெல்வியா.

“ஊர்கிட்ட ஈ வந்து சொல்லிச்சா?”

“வாயாடி! உன்னைக் கொண்டுபோய் அந்தக் கசில்டா இடுப்புல உட்கார வச்சோமே, எங்களைச் சொல்லணும். அவ வாய் அப்படியே ஒட்டிக்கிச்சு உனக்கு.”

பெண் குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் முதன்முதலாக அதை இடுப்பில் கால் அகட்டி உட்கார வைப்பது அங்கே ஒரு சடங்கு. யார் இடுப்பில் முதலில் உட்காருகிறதோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கசில்டா அக்காதான் சுவேமியைத் தூக்கி வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். குழந்தையின் கையில் ஊசியைக் கொடுத்தாள், பென்சிலைக் கொடுத்தாள், சோளக் கதிரைக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. தன் தேன்கட்டையைப் பிரித்து, பாதிக் குடும்பத்தை ஒரு புதுக் கட்டையில் வைத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கல்சுவரின் இடைவெளி வழியாகக் கணவன் கஸ்பாரைச் சுமக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

“இது பிள்ளைக்கு. உங்களுக்கு இல்ல. அவ வளர்ந்து அவளே பாத்துக்குவா. அதுவரைக்கும் நக்கித் தீர்த்துடாதீங்க.”

கசில்டா பேசினால் அப்படித்தான். ஆலமரத்தடிக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும். கஸ்பாரோ பதில் பேசாமல் சிரிக்கிற ஆள். அது அவளை இன்னும் கிளப்பிவிடும். அந்த வீட்டில் இனிப்பாக இருப்பது தேன்கட்டை ஒன்றுதான் என்று ஊர் கேலி பேசும்.

சுவேமியின் பத்தாவது வயதில், ஈஸ்டருக்கு முன்னால், அவள் கட்டையில் தேன் எடுத்தார்கள். அப்பா எர்மிலோ இரு முனைகளிலும் இருந்த வட்டப் பலகைகளைக் கழற்றி, மெழுகுக் குடங்களைக் குத்தி, தண்ணீர் போல ஓடும் தேனைக் கலயத்தில் பிடித்தான். பலகைகளைத் திரும்பப் பொருத்திச் சிவப்பு மண்ணைக் குழைத்து விளிம்பெல்லாம் பூசி அடைக்க வேண்டும். ஊசி நுழையும் சந்து இருந்தாலும் பொடி ஈ உள்ளே போய் முட்டை வைத்துவிடும். அப்புறம் புழு வந்து குடும்பமே அழுகிப்போகும்.

“ரெண்டு பக்கமும் நான்தான் பூசுவேன்” என்றாள் சுவேமி. “என் கட்டை.”

பூசினாள். பூசிவிட்டு இரண்டு விளிம்பையும் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி வைத்தாள்.

“என்னடி இது?” என்றான் எர்மிலோ.

“கையெழுத்து. வேற யாராவது திறந்தா எனக்குத் தெரிஞ்சிடும்.”

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் இரண்டு நாள் வலைத்தூளியில் படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினாள். ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் வந்து பார்த்து, மறுநாள் காலை வண்டியிலேயே மெரிடா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் சுவேமி கண்ணைத் திறந்து, “கொஞ்சம் தேன் குடும்மா” என்றாள்.

வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எர்மிலோ எழுந்து, மழையில் நனைந்துகொண்டிருந்த ஆரஞ்சு மரத்தடியைப் பார்த்தான். மழைக்காலத்தில் கட்டையைத் திறப்பவன் கிடையாது. தேன் வாசனை காற்றில் ஏறினால் போதும், பொடி ஈ எங்கிருந்து வருமோ, வந்துவிடும். ஆனாலும் அவன் கத்தியை எடுத்தான்.

“வேண்டாம்ப்பா” என்றாள் சுவேமி. “அதுங்க செத்துப்போயிடும். வேண்டாம்.” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நிடெல்வியா கல்சுவருக்கு ஓடினாள்.

“அக்கா! உங்க பாட்டில்ல தேன் ஏதாவது மிச்சம் இருக்கா? பிள்ளை கேக்குது.”

கசில்டா கதவில் வந்து நின்றாள். ஒரு கணம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இருக்கும், இருக்கும். அடியில ஒரு மூடி அளவு கெடக்கும். நீ போ, பிள்ளைகிட்ட இரு. நான் கொண்டாரேன்” என்றாள்.

வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு சின்னக் கலயத்தைத் தன் சால்வையால் மூடி எடுத்துவந்தாள். தலை, தோள் எல்லாம் நனைந்திருந்தது. நிடெல்வியா ஸ்பூனில் தொட்டுத் தொட்டு மகளின் நாக்கில் வைத்தாள். மூன்று நாளாக எதையும் விழுங்காத பிள்ளை அதை விழுங்கியது. இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.

“புளிக்குதும்மா” என்றாள் சுவேமி. முகத்தில் சிரிப்பு வந்தது. “நல்லா இருக்கு.”

கசில்டா தூளி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “மெரிடாவுக்குப் போய் டாக்டரைக் கேள்வி கேட்டுச் சாகடிச்சிடாத. அவனும் பாவம்” என்றாள். பிள்ளை அதற்கும் சிரித்தது. அவள் சிரித்ததை அவர்கள் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மெரிடாவிலிருந்து சுவேமியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஒன்பது நாளும் வீட்டில் ஜெபம் நடந்தது. ஊரே வந்தது. ஜெபம் சொல்லும் அம்மாள் ஒவ்வொரு மணியாக உருட்டி முடித்ததும் வந்தவர்களுக்கு ரொட்டியும் சூடான சாக்லேட் கஞ்சியும் கொடுத்தார்கள். கசில்டா முதல் நாள் மட்டும் வந்தாள். வாசலில் ஒரு கூடை சோளரொட்டியை வைத்துவிட்டு, நிடெல்வியாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவே இல்லை. ஜெபம் நடக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ கழுவும் சத்தமும், கஸ்பாரை அதட்டும் சத்தமும் கேட்டன. இடுப்பில் தூக்கி வைத்தவள். இவளே இப்படியா என்று நிடெல்வியா அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பாள். துக்கம் பெரிதாக இருக்கும்போது மனம் அதைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஓர் ஆளைத் தேடும். அவளுக்கு அந்த ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள்.

தினமும் காலையில் நிடெல்வியா ஆரஞ்சு மரத்தடிக்குப் போவாள். கட்டையின் முனைகளில், காய்ந்த சிவப்பு மண்ணில், அந்த விரல் குழிகள் அப்படியே இருந்தன. தன் சுண்டுவிரலை ஒவ்வொன்றிலும் வைத்து எடுப்பாள். வீட்டில் மகளுடைய துணிகள் இருந்தன, செருப்பு இருந்தது. ஆனால் அவளுடைய கை இருந்தது இங்கே மட்டும்தான். “இதை யாரும் திறக்கக் கூடாது” என்று எர்மிலோவிடம் சொல்லிவிட்டாள். மகள் போன செய்தியைக் கட்டையிடம் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அதையும் அவளால் சொல்ல முடியவில்லை. அவை தெரியாமலே பறந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்டோபரில் ஊருக்குள் ஒரு பேச்சுக் கிளம்பிற்று. கசில்டா வீட்டுக் கட்டை காலி. அம்மணிகள் போய்விட்டன.

சோளம் அரைக்கும் மில்லில் வாளியோடு வரிசையில் நின்றபோது ரெம்பெர்ட்டா ஆரம்பித்தாள்.

“என்ன கசில்டா, உன் வீட்டு அம்மணிங்க மூட்டை கட்டிட்டாங்களாமே?”

“ஆமா. உன் மாமியார் வீட்டுல அமைதி நெலவுதாம். அங்க இடம் இருக்கான்னு கேக்கப் போயிருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். ரெம்பெர்ட்டாவுக்கும் மாமியாருக்கும் பேச்சு நின்று வருஷக் கணக்காகிறது.

“சும்மா சொல்லு. அந்தக் கஸ்பாரை என்ன பாடு படுத்தின?” என்றாள் இன்னொருத்தி.

“நான் எங்க படுத்தினேன்? என் வாய்தான் படுத்திச்சு. அதைத் தாங்க முடியாம ஈ ஓடிருச்சு. அந்த ஆளுக்குத்தான் ரெக்கை இல்ல.”

மறுபடி சிரிப்பு. நிடெல்வியா சிரிக்கவில்லை. அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“இடுப்புல தூக்கி வச்ச பிள்ளைக்கு ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்து உட்கார மனசில்லாத வீட்டுல, ஈ மட்டும் எதுக்கு இருக்கணும்?”

கசில்டா எதற்கும் பதில் வைத்திருப்பவள். வாயைத் திறந்தாள். நிடெல்வியாவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, அரைத்த மாவை வாளியில் வாங்கி, ஈரத்துணியால் மூடி, வெளியே நடந்தாள். அவள் பதில் சொல்லாமல் போனதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. குற்றம் உறுத்துகிறது என்று நிடெல்வியா நினைத்தாள்.

அக்டோபர் கடைசி நாள் இறந்த குழந்தைகளின் ஆன்மா வீட்டுக்கு வரும் நாள். சுவேமிக்கு இது முதல் வருஷம். நிடெல்வியா மேசையில் பூ தைத்த துணி விரித்து, வண்ண மெழுகுவர்த்தி வைத்தாள். மகளுடைய கயிற்றுப் பம்பரம், புது ரிப்பன், ஒரு கோப்பை சாக்லேட் எல்லாம் வைத்தாகிவிட்டது. குழியில் சுடுவதற்குச் சோளப் பொதியும் தயார். ஒன்றுதான் குறைந்தது. வருகிற பிள்ளை முதலில் தேடுவது தேனைத்தான்.

கசில்டா முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்காக எழுந்து போனாள். அடியில் ஒரு மூடி கிடக்கும் என்றாளே, அதில் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்காதா?

வீட்டில் கஸ்பார் மட்டும் இருந்தார். வலைத்தூளிக்கு நூல் பின்னிக்கொண்டிருந்தார்.

“வாம்மா. அவ கல்லறைக்குப் பூ எடுத்துட்டுப் போயிருக்கா. உங்க சுவேமிக்குத்தான். அங்க போய் அந்தக் கல்லையும் திட்டாம இருக்கணும்.”

“மாமா, அந்தத் தேன் பாட்டில்ல ஏதாவது இருக்குமா? ஒரு சொட்டு போதும். மேசைக்கு.”

“பாட்டிலா?” கஸ்பார் சிரித்தார். “அது ஈஸ்டருக்கே காலிம்மா. என் அக்கா மகன் வந்தான்ல, ரொட்டியில ஊத்திக் குடிச்சே தீர்த்தான். அதுக்கு நான்தான் ஏச்சு வாங்கினேன். அதுக்கப்புறம் நாங்க தேனைக் கண்ணால பாத்ததே இல்ல.”

அவர் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மழை பெய்த அந்த மத்தியானம் அவர் சோளக்காட்டில் இருந்தார்.

நிடெல்வியா கொல்லைப் பக்கம் நடந்தாள். ஓலைக் கூரைக்குக் கீழே கசில்டாவின் கட்டை கிடந்தது. துளையில் காவல்காரி இல்லை. ஒரு முனையின் பலகை கழற்றிச் சாத்தியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். தட்டுத் தட்டாக அடுக்கியிருக்க வேண்டிய அடை கறுத்துச் சரிந்து கிடந்தது. கட்டையின் தரையெல்லாம் பொடி ஈயின் காய்ந்த கூடுகள், அரிசித் தவிடு போல. கழற்றிய பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். ஈரத்தில் அவசரமாக அள்ளி அப்பிய மண். காயாமலே வழிந்து, சந்து விட்டிருந்தது.

கோபித்துக்கொண்டு போன வீடு இப்படி இருக்காது. அவை எங்கேயும் போகவில்லை. இங்கேயே செத்துப்போயின.

அந்த மத்தியானம் கதவில் நின்று கசில்டா ஒரு கணம் பேசாமல் இருந்ததும், நனைந்த தோளோடு கலயத்தைக் கொண்டுவந்ததும் அவளுக்கு நினைவு வந்தன. சுவேமி தன் கட்டையைத் திறக்க வேண்டாம் என்று அழுதாள்; கசில்டா தன்னுடையதைத் திறந்துவிட்டாள். ஜெபம் நடந்த அந்த நாள்களில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட கழுவும் சத்தம் இதுதான். புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பலகையை வினிகரால் துடைத்துத் துடைத்து, காப்பாற்ற முடியுமா என்று பார்த்திருக்கிறாள்.

“என்னடி, என் காலி வீட்டை வந்து வேடிக்கை பாக்கிற?”

கசில்டா வந்துவிட்டிருந்தாள். கையில் பூ இல்லாத வாளி. சொன்ன வேகத்தில் நடந்துவந்து, பலகையை எடுத்துக் கட்டையின் வாயை மூடினாள். அதை மூடிய விதத்தில், ஒரு தாய் தன் பிள்ளையின் காயத்தைப் பிறர் பார்க்காமல் மறைப்பது போல ஓர் அவசரம் இருந்தது.

“அக்கா…”

“என் வாய்தான் காரணம். ஊருக்கே தெரியும், நீ புதுசா என்ன கண்டுபிடிக்கப் போற?” கசில்டா அவளைப் பார்க்கவில்லை. “வாய் பொல்லாதது. அதுங்களுக்குப் பிடிக்கல. போயிருச்சுங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. கேட்டியா?”

நிடெல்வியாவுக்குப் புரிந்தது. பிள்ளைக்குக் கொடுத்த ஒரு கலயத் தேனுக்கு ஒரு குடும்பமே விலையாகப் போயிற்று என்பதையும், அப்படியும் பிள்ளை பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்து இந்தத் தாய் சுமக்க வேண்டாம் என்று, இவள் ஊரின் கேலியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றாள். மில்லில் வாயை மூடிக்கொண்டதும் அதற்காகத்தான். இப்போது ‘தெரியும்’ என்று சொன்னால், அவள் கஷ்டப்பட்டு மூடி வைத்த பலகையைக் கழற்றினதுபோல் ஆகும்.

“கேட்டேன் அக்கா” என்றாள் நிடெல்வியா. “அன்னிக்கு மில்லுல நான் பேசினது… மனசு சரியில்ல.”

“பேசினா என்ன? நான் பேசாத பேச்சா? போ, பிள்ளை வர்ற நேரம். வாசல்ல விளக்கு வை. இருட்டுல தடுக்கி விழுந்தா என்னைத்தான் கேள்வி கேப்பா.”

அன்றைக்கு மேசையில் தேன் வைக்காமலே மெழுகுவர்த்தியை ஏற்றினாள் நிடெல்வியா. “இந்த வருஷம் இல்லடி. உன் பங்கை நீ முன்னாடியே குடிச்சிட்ட” என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள்.

மழை ஓய்ந்தது. பனி வந்து போனது. வெயில் ஏறிக் காட்டில் பூப் பிடித்தது. இலையில்லாத குச்சியிலெல்லாம் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாய்ப் பூ. சுவேமியின் கட்டை விடிந்தது முதல் இரைந்துகொண்டிருந்தது.

“தூக்கிப் பாத்தேன்” என்றான் எர்மிலோ ஒருநாள். “கனம் தாங்கல. இப்பப் பிரிச்சா ரெண்டும் நல்லா வரும்.”

“தொடாதீங்க” என்றாள் அவள். அவனும் காலையில் அந்த விரல் குழிகளைத் தடவிவிட்டுத்தான் சோளக்காட்டுக்குப் போவான். அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவன் சொன்னது அவளை விடவில்லை. ஊரில் கசில்டாவைப் பற்றிய பேச்சு நின்றபாடில்லை. கல்யாண வீட்டில் மணமக்களுக்கு ஆசீர்வாதம் சொல்ல அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைக்கும் சடங்குக்கு அவளைக் கேட்டிருந்த ஒரு வீடு, மெதுவாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அம்மணிகள் நிற்காத வீட்டு ஆள் பிள்ளையைத் தொடுவதா? கசில்டா அதற்கும் ஏதோ கேலி சொன்னாளாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. கஸ்பார்கூட ஒருநாள் எர்மிலோவிடம், “திட்டு வாங்கி நாளாச்சுப்பா. வீடு வீடா இல்ல” என்றார்.

ஒருபுறம் அம்மணிகள் இல்லாத அந்த வீடு. மறுபுறம் காய்ந்த மண்ணில் பத்து விரல். பிரிக்க இரண்டு முனையையும் திறந்தாக வேண்டும்; திறந்தால் அது போய்விடும். மறுபடி எந்த மண்ணிலும் அந்தக் கை பதியாது. நிடெல்வியா கோயிலில் மண்டியிட்டு, இதைத் தன்னிடம் கேட்க வேண்டாம் என்று ஆண்டவரிடம் மன்றாடினாள். ஆண்டவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சும்மா இருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு அன்று காலை ஊரே ஓலையோடு கோயிலுக்குக் கிளம்பிற்று. எர்மிலோ பவனியில் மேளம் அடிப்பவன்; முன்னாலேயே போய்விட்டான். கசில்டாவும் கஸ்பாரும் தெருவில் இறங்கும் சத்தம் கேட்டது. “தலை வலிக்குது, நீங்க போங்க” என்று சொல்லி நிடெல்வியா வீட்டில் தங்கினாள்.

தெரு அடங்கியதும் ஆரஞ்சு மரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் ஒரு சட்டி வெந்நீர். துணியை நனைத்து இரண்டு முனையின் மண் விளிம்பிலும் வைத்தாள். ஒரு துண்டையாவது முழுசாக எடுத்துவிடலாம் என்று கட்டைவிரல் குழி இருந்த இடத்தைக் கத்திமுனையால் சுற்றிக் கீறிப் பார்த்தாள். அது பிடிக்குள் வந்தது; ஒரு கணம் இருந்தது; பொடிந்து விரலிடுக்கில் உதிர்ந்தது. அவள் அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, ஒரு துகளையும் கீழே விடாமல் எல்லா மண்ணையும் ஒரு கிண்ணத்தில் அள்ளினாள்.

பலகைகளைக் கழற்றுவதற்கு முன், துளையருகே வாயை வைத்து, இத்தனை மாதமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

“சுவேமி போயிட்டா. உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன். கோவத்துல போகல. சிரிச்சிக்கிட்டு இருந்தா. உங்களைத் திறக்க வேண்டாம்னு அழுதா.”

காவல்காரி தலையை நீட்டியபடியே இருந்தாள்.

உள்ளே மெழுகும் புளிப்பும் கலந்த வாசனை. தேன் குடங்களை உடைக்காமல் ஒதுக்கி, நடுவிலிருந்து வெளுத்துப் பழுத்த அடைகளை எடுத்தாள். ராணியாக வேண்டியவளும் அதற்குள்ளேயே இருப்பாள்; பிறந்து, அவர்களே தேர்ந்துகொள்வார்கள். பறக்கப் பழகாத, நிறம்கூட ஏறாத இளசுகளை அடையோடு சேர்த்துச் சுரைக்குடுக்கையில் தட்டிவிட்டாள். பறந்து பழகியவை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும். இவற்றுக்கு வேறு வீடு தெரியாது. வெடிக்காத இரண்டு தேன் குடங்களையும் வைத்து மூடினாள். கிண்ணத்து மண்ணைக் குழைத்துப் பாதியால் மகளின் கட்டையை அடைத்தாள். மீதி மண்ணோடும் குடுக்கையோடும் கல்சுவரின் இடைவெளியில் நுழைந்தாள். கசில்டாவின் நாய் எழுந்து வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

காலிக் கட்டை தன் இடத்திலேயே இருந்தது. அதைத் திறந்து நிடெல்வியா விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே துளி அழுக்கில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, ஆரஞ்சு இலையால் தேய்த்திருந்தது. துளைக்கு மேலிருந்த சிலுவையில் புதுச் சுண்ணாம்பு. கீழே தரை பெருக்கியிருந்தது. எந்த நம்பிக்கையும் இல்லாமல் ஒருத்தி தினமும் அதைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள்.

மெழுகைச் சிறு உருண்டைகளாக உருட்டி அடியில் வைத்து, அவற்றின்மேல் அடைகளைச் சாய்வில்லாமல் இறக்கினாள். குடங்களை முனையில் வைத்தாள். இளசுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பலகையைப் பொருத்தி, சுவேமியின் மண்ணால் விளிம்பைச் சுற்றி, சந்தில்லாமல், நிதானமாகப் பூசினாள். பூசிய இடத்தைத் தடவித் தடவி, தன் விரல் தடம் ஒன்றுகூட இல்லாமல் வழவழப்பாக்கினாள்.

தொலைவில் மேளம் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே கசில்டாவின் குரல். “ஓலையை நேராப் பிடிய்யா! ஆண்டவர் வர்றாரு, மாட்டுக்கு வைக்கோல் காட்டுற மாதிரியா பிடிப்பே?”

நிடெல்வியா குனிந்து பார்த்தாள். துளை இருட்டாக இருந்தது. பிறகு உள்ளே ஏதோ அசைந்தது. வெளிறிய சின்னத் தலை ஒன்று, வெளிச்சம் பழகாமல் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, துளையை அடைத்துக்கொண்டு நின்றது.

அவள் குடுக்கையை எடுத்துக்கொண்டு, தரையில் விழுந்திருந்த தன் காலடித் தடங்களைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டு, இடைவெளி வழியாக வீட்டுக்குப் போய் அடுப்பில் சோளத்தை வேகவைத்தாள்.